வட்டியை விட்டோம், வறியவரை எங்கே விட்டோம்?

வட்டி ஹராம் என்பதில் முஸ்லிம்களிடையே இரண்டு கருத்து இல்லை. தொழுகையில் கை கட்டும் இடம் பற்றி வாதிடுவோர் உண்டு. பிறை பற்றி ஆண்டு தவறாமல் வாதிடுகிறோம். வட்டியைப் பற்றி மட்டும் வாதம் கிடையாது. அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனத்திலிருந்து ஒரு முறை பொருளுணர்ந்து ஓதியவர் எவரும் அந்தப் பக்கம் திரும்பவே அஞ்சுவார். விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக வரும் எச்சரிக்கை, வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் சொல்லப்பட்டதில்லை.

நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. வட்டியை விட்டு விலகுவது என்றால் என்ன? வங்கியின் படியேறாமல் இருந்துவிட்டால் அது நிறைவேறிவிடுகிறதா? முன்பெல்லாம் வங்கியையும் நம் பெரியவர்கள் 'பாங்கு' என்றே சொல்வார்கள். பள்ளிவாசலின் பாங்குக்குச் செவி கொடுக்கிறவன் அந்தப் பாங்குக்குப் போகமாட்டான் என்றிருந்த காலம் அது. அந்தப் பேணுதலை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அந்தப் பேணுதல் எங்கே தொடங்கி எங்கே நின்றுவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அது கோவளத்தில், ஹஸ்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்காவுக்குச் செல்லும் தெருவில் இருக்கலாம். செங்கற்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கலாம். தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பல்லாவரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பமாகவும் இருக்கலாம். வீட்டுத் தலைவர் பேணுதலானவர். வட்டிக் காசு வீட்டுக்குள் வரக் கூடாது என்று வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளாதவர். மகளுக்கு நிக்காஹ் நெருங்குகிறது. அல்லது மனைவிக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை. கையில் பணமில்லை. உறவினரிடம் கேட்கிறார், "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்கிறார்கள். ஊர்ப் பெரியவரிடம் போகிறார். அவர் மனமுருக துஆச் செய்கிறார். கடைசியில் அந்த அம்மாவின் கருகமணி அடகுக் கடைக்குப் போகிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் வட்டி. மூன்று ஆண்டு மீட்க முடியாமல் கிடந்தால் 7,200 ரூபாய். அதற்குப் பிறகு ஏலம் வந்தால் கருகமணியும் போயிற்று.

இதே வீட்டு அம்மாவுக்கு இப்போது வங்கிக் கணக்கும் வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில்தான் வந்தது. கணக்கு இல்லாதவர்களும் திறந்தாக வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கில் ஆண்டு முழுவதும் சராசரியாக ஆறாயிரம் ரூபாய் கிடந்தால், நூற்றுக்கு இரண்டரை என்ற கணக்கில் ஆண்டுக்கு 150 ரூபாய் வட்டியாகச் சேரும். அந்த அம்மாவுக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும் கணவரிடம், "இந்த நூற்றைம்பது ரூபாயை என்ன செய்ய வேண்டும் என்று ஹஸ்ரத்திடம் கேட்டுவாருங்கள்" என்கிறார்.

நல்ல கேள்வி. ஈமான் உள்ள நெஞ்சிலிருந்துதான் அது வரும். ஆனால் பெட்டியில் இருக்கும் அடகுச் சீட்டைப் பற்றிக் கேட்டுவரும்படி அவர் சொல்வதில்லை. வந்து சேரும் 150 ரூபாய் உறுத்துகிறது. கொடுத்து மாளாத 2,400 ரூபாய் பழகிப்போகிறது. ஏன் இப்படி? முதல் கேள்விக்கு விடை ஒரு ஃபத்வாவில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை ஊரில் யாராவது தம் பைக்குள் கை விட்டால்தான் வரும்.

கொடுத்தவர் கணக்கு

வட்டியை உண்பவரை மட்டுமல்ல, அதைக் கொடுப்பவரையும், எழுதுபவரையும், இரு சாட்சிகளையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் வருகிறது. வட்டி வாங்குவது பாவம், கொடுப்பது ஒன்றுமில்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பது சரியல்ல. அப்படியானால் அந்த அம்மா குற்றவாளியா? வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தைப் பற்றி ஆலிம் பெருமக்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பட்டினியால் சாகக் கிடப்பவனுக்கு விலக்கப்பட்ட உணவும் உயிர் தரிக்கும் அளவுக்கு மன்னிக்கப்படுகிறது. ஆனால் அவன் அதை உண்ண நேர்ந்தபோது ஊரில் சோறு இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், அவனை விட்டு விலகும் கேள்வி ஊரைப் போய்ச் சேருமல்லவா?

திருமறையில் வட்டி பற்றிய வசனங்கள் அமைந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். 261-ஆம் வசனத்திலிருந்து 274 வரை செலவிடுவது பற்றியும் தருமம் பற்றியும் பேசப்படுகிறது. 275-இல் வட்டி தொடங்குகிறது. 276-இல் வட்டி அழிக்கப்படுவதும் தருமம் வளர்க்கப்படுவதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. 280-இல் கடனாளி நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறப்பு என்றும் வருகிறது. 282-இல் கடனை எழுதி வைக்கும் முறை. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். ஆக, ஒரு பக்கம் கொடை, மறுபக்கம் ஒழுங்கான கடன், இரண்டுக்கும் நடுவில் வட்டியின் தடை. நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இரு பக்கத்தையும் விட்டுவிட்டால், அந்தத் தடையின் முழுச் சுமையும் ஏழையின் தலையில் விழுகிறது. பணமுள்ளவர் வட்டி வாங்காமல் இருப்பது எளிது. அவருக்கு அதனால் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. பணமில்லாதவர் வட்டி கொடுக்காமல் இருப்பது அப்படியல்ல.

கொடுப்பவர் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செங்கற்பட்டு மண்ணிலேயே பெரியதொரு வரலாறு இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763-இல் செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தம் பதவிக்காக நடந்த போர்களில் கம்பெனிக்குப் பட்ட கடன் அவர் கழுத்தை நெரித்தது. அது போதாதென்று கம்பெனியின் ஊழியர்களிடமே தனித்தனியாகவும் கடன் வாங்கினார். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து, அதற்கு மேலும் வட்டி. அதற்கு ஈடாகச் சீமைகளின் நிலவரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். வட்டி வாங்கியவர்கள் சென்னையில் மாளிகை கட்டினார்கள். வட்டியைக் கட்டியது நவாப் அல்லர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடியானவர்கள். 1785 பிப்ரவரியில் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசிய புகழ்பெற்ற பேச்சு இந்தக் கடன்களைப் பற்றியதுதான். பின்னாளில் ஆணையம் அமைத்து ஆராய்ந்தபோது, மூன்று கோடி பவுனுக்கு மேற்பட்ட கடன் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானது என்று தேறவில்லை. அதற்குள், 1801-இல், கர்நாடக ராஜ்யமே கம்பெனியிடம் போய்விட்டது.

அந்த நவாப் தீனை மறந்தவர் அல்லர். திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் அவர் குடும்பத்தார் கட்டியதே. இன்றும் அதில் ஜமாஅத் நடக்கிறது. தொழுகைக்கு இடம் தந்த குடும்பம் அது. அதே குடும்பத்தின் அரசு வட்டியில் கரைந்தது. இரண்டும் ஒரே வரலாற்றில் இருக்கின்றன.

கடலோரத்தில்

மாமல்லபுரம் பக்கம் கடற்கரையோரமாக நடந்தால் வட்டிக்கு எத்தனை வேடம் உண்டு என்பதைக் காணலாம். தண்டல் என்று ஒன்று. பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரமும் திரும்ப வேண்டும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கடனும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைத் தடுத்தது. ஆயினும் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைச் சொல்லி ஒரு குடும்பமே தீக்கு இரையானதை நாடு பார்த்தது. சட்டம் தடுக்கலாம், சட்டத்தால் கடன் கொடுக்க முடியாதே!

மீன்பிடித் தொழிலில் இன்னொரு வேடம். படகுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். வட்டி என்று ஒரு காசும் கேட்கமாட்டார். ஆனால் பிடித்து வரும் மீனை அவரிடமே போட வேண்டும். விலையும் அவர் சொல்வதே. வெளியே நூறு ரூபாய்க்குப் போகும் மீன் அவரிடம் எண்பதுக்குப் போகிறது. கடன் தீரும்வரை இப்படியே. கொடுத்த கடனைக் காரணமாக வைத்துக் கடன்காரனிடம் அடையும் ஆதாயமும் வட்டியின் கிளையே என்பது ஃபிக்ஹு படித்தவர்களுக்குத் தெரியும். வட்டி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டால் வட்டி போய்விடுவதில்லை. நம்மவர்களில் மீன் வியாபாரம் செய்வோர் இதை ஒரு முறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லா முன்பணமும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. மாமல்லபுரத்தில் கல் தச்சர்களின் உளிச் சத்தம் பகலெல்லாம் கேட்கும். உருவச் சிலைத் தொழில் நம் மார்க்கத்துக்கு உடன்பட்டதல்ல. ஆனால் கல் வேலைக்கு அங்கே ஒப்பந்தம் பேசும் முறை கவனிக்கத்தக்கது. வேலையையும் விலையையும் பேசி, முன்பணம் வாங்கி, அதில் கல்லெடுத்து, செதுக்கிக் கொடுத்து, மீதியைப் பெற்றுக்கொள்கிறார்கள். தொழிலாளிக்கு முதலும் கிடைக்கிறது, வட்டியும் இல்லை. நம் ஃபிக்ஹு நூல்களில் 'இஸ்திஸ்னாஃ' என்று ஒரு தனிப் பாடமாகவே இது இருக்கிறது. ஓடத்தின் மரச்சட்டமானாலும், தையற்கடையின் நூறு சீருடையானாலும், கல்யாணத்துக்குப் பாய் முடைவதானாலும் இப்படி முன்பணம் கொடுத்துச் செய்விக்கலாம். மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் பாடம் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் நம் ஆதங்கம்.

அமானிதமும் கணக்கும்

இனி வங்கிக் கணக்குக்கு வருவோம். வட்டியில் இயங்கும் இடத்தில் கணக்கு வைப்பதே கூடாது என்போர் உண்டு. வட்டியில்லாத நடப்புக் கணக்கு மட்டும் ஆகும் என்போர் உண்டு. பணத்தின் பாதுகாப்புக்காகவும், கூலியும் ஓய்வூதியமும் அந்த வழியாகவே வருவதாலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சேரும் வட்டியைத் தானும் உண்ணாமல், வங்கியிலும் விட்டுவைக்காமல், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆலிம்கள் பலர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்க. நாம் சொல்ல விரும்புவது, பணத்தைப் பத்திரமாக வைப்பதும் மார்க்கக் காரியமே என்பது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பின்வாங்கியபோது மாமல்லபுரத்தில் பழங்காலக் கற்கள் தெரிந்தன என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. வியப்பானதுதான். ஆனால் திரும்பி வந்த அலை, கடலோரக் குப்பங்களில் பானையிலும் பெட்டியிலும் வைத்திருந்த காசையும் நகையையும் வாரிக்கொண்டு போனதை எழுதியவர் குறைவு. ஆண்டுக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒரு காலைப் பொழுதில் இல்லாமற் போயிற்று.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைக்க அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் அமானிதமாக ஏற்கமாட்டார், கடனாகவே ஏற்பார். அமானிதம் தொலைந்துபோனால் உடையவருக்கே நட்டம். கடனென்றால் எப்படியும் திருப்பியாக வேண்டும் என்பதே காரணம். அவர் ஷஹீதானபோது அப்படிச் சேர்ந்த கடன் 22 லட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அத்தனையையும் அடைத்தார். அதோடு நிற்காமல், தந்தைக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார். ஊரின் பணம் ஒருவர் கையில் வட்டியின்றிச் சேரவும், நிலத்திலும் வியாபாரத்திலும் புழங்கவும், ஒரு காசு குறையாமல் திரும்பவும் முடியும் என்பதை ஸஹாபாக்கள் காலமே காட்டிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது ஸுபைர் (ரலி) அவர்களின் நாணயமும், அவர் மகனாரின் பொறுமையும்.

பணம் புழங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடங்கிக் கிடக்கும் பொன்னையும் வெள்ளியையும் பற்றித் தவ்பா அத்தியாயம் சொல்லும் எச்சரிக்கை கடுமையானது. அநாதைகளின் பொருளை வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள், ஜகாத் அதைத் தின்றுவிடாமல் இருக்கட்டும் என்ற கருத்தை உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக முவத்தாவில் வருகிறது. பீரோவில் தூங்கும் தங்கம் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு கரைய வேண்டும் என்பது ஷரீஅத்தின் ஏற்பாடு. பொருளாதாரம் படித்தவர்கள் இன்று சேமிப்பு, முதலீடு, வளர்ச்சி என்று எழுதுவதில் உள்ள நல்ல பகுதி நமக்குப் புதிதல்ல.

திறந்த கதவும் மூடிய கதவும்

1969 ஜூலையில் இந்தியாவில் பதினான்கு பெரிய வங்கிகள் அரசுடைமையாயின. வங்கி கிராமத்துக்குப் போயிற்று. 2005-இல் புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் கணக்குத் திறந்துகொடுத்து இந்தியன் வங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் 2023-க்குள் ஐம்பது கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டுவிட்டன. எல்லாரையும் நிதி அமைப்புக்குள் சேர்ப்பது என்று இதைச் சொல்கிறார்கள். பணத்தைப் போடும் கதவு ஏழைக்கும் திறந்துவிட்டது. மறுக்க முடியாத நன்மை இது.

கடன் வாங்கும் கதவு? சச்சார் குழு 2006-இல் கொடுத்த அறிக்கையைப் புரட்டினால் தெரியும். வங்கிகள் முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுத்த கடனில், கணக்குகளின் எண்ணிக்கையில் முஸ்லிம்களின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. தொகையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறிய கடன், அதுவும் அரிதாக. இதில் வங்கியின் புறக்கணிப்பு எவ்வளவு, வட்டிக்கு அஞ்சி நாமே விலகி நின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஈடு காட்டச் சொத்தில்லாத வறுமை எவ்வளவு என்பதும் உண்டு.

வட்டியில்லா வங்கி முறைக்கு இந்த நாட்டில் வழி கேட்கப்படாமலும் இல்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் அதைப் பரிந்துரைத்தது. 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாப் பிரிவு ஒன்றைத் திறந்து பார்க்கலாம் என்றது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரந்த வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது அது சொன்ன காரணம். இந்தக் காரணம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஒருவன் மனசாட்சிக்கு விரோதமான உணவை மட்டும் பரிமாறிவிட்டு, பந்தி எல்லாருக்கும் பொது என்று சொல்வதைப் போலிருக்கிறது. ஆனால் ரிசர்வ் வங்கியைக் குறை சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

செங்கற்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மறைமலை நகரில் கார்த் தொழிற்சாலை வந்தது, 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. சிறுசேரியில் கணினிக் கட்டடங்கள் எழுந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்று ஹஷ்ர் அத்தியாயத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான், விலை ஏறிய நிலத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் தண்டல்காரர் ஏன் இன்னும் காலையில் வருகிறார் என்ற கேள்வி எழும். இப்போது தண்டலுக்குப் பதில் வாரக் குழுக்கடன் வந்திருக்கிறது. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டத் தவறினால் ஒன்பது பேர் அவள் வாசலில். அண்டை வீட்டாரின் உரிமையை வாரிசுரிமைக்கு நெருக்கமாக வைத்த மார்க்கத்தில், அண்டை வீட்டாரையே வசூல்காரர்களாக்கும் ஏற்பாடு இது. இதையும் நிதி அமைப்புக்குள் சேர்ப்பது என்றே கணக்கில் எழுதுகிறார்கள்.

ஜமாஅத்தின் பெட்டி

திருமறை சொல்லும் அழகிய கடன், கர்ழன் ஹஸனா, பயானில் கேட்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. 1961-இல் தேவ்பந்தில் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றிக் கடன் கொடுத்தது. நம் தமிழகக் கடலோர ஊர்கள் சிலவற்றிலும் பைத்துல்மால்கள் இப்பணியைச் செய்கின்றன. எகிப்தில் நைல் நதிக்கரையின் மித் கம்ர் என்னும் சிற்றூரில் அஹ்மத் அந்நஜ்ஜார் 1963-இல் தொடங்கிய சேமிப்பு நிலையத்தில் குடியானவர்கள் வட்டியின்றிப் பணம் போட்டு, வட்டியின்றிக் கடன் பெற்றார்கள். நான்கே ஆண்டு நடந்தாலும் உலகெங்கும் பின்னால் எழுந்த இஸ்லாமிய வங்கிகளுக்கு அது முன்னோடியாயிற்று. மலேசியாவில் ஹஜ்ஜுக்காக எருமையையும் நிலத்தையும் விற்று, திரும்பி வந்து வறுமையில் வீழும் மக்களைப் பார்த்து உங்கு அஸீஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959-இல் ஒரு யோசனை சொன்னார். அதன்படி 1963-இல் எழுந்த ஹஜ் சேமிப்பு நிறுவனம் ஏழைகளின் சிறுகச் சேர்த்த பணத்தைத் தோட்டங்களிலும் தொழில்களிலும் ஈடுபடுத்தி லாபம் பகிர்ந்தது. அதுதான் இன்றைய தாபோங் ஹாஜி.

"நம்மூரில் கொடுத்தால் திரும்பி வராது" என்பது வழக்கமான மறுப்பு. அதனால்தான் 282-ஆம் வசனம் எழுதி வைக்கச் சொல்கிறது; சாட்சி வைக்கச் சொல்கிறது; அடுத்த வசனம் ஈட்டையும் அனுமதிக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் கோதுமைக்காக, அதாவது வாற்கோதுமைக்காக, ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது. ஈடு வாங்குவது இரக்கமின்மை அல்ல. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நகையை ஈடாக வாங்கிக்கொண்டு ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுக்கும் ஜமாஅத்துக்குப் பெரிய நட்டம் வர வழியில்லை. கணக்கருக்கும் பெட்டகத்துக்கும் ஆகும் செலவை மட்டும் வாங்கலாம். அதுவும் கடன் தொகை கூடக்கூட, நாள் ஆக ஆக ஏறும் கட்டணமாக மாறினால் பழைய வட்டியே புதுத் தொப்பி போட்டு வந்துவிட்டது என்று பொருள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஹலால் முதலீடு என்று சொல்லி மாதந்தோறும் பெருந்தொகை தந்துகொண்டிருந்த பெங்களூர் நிறுவனம் ஒன்று 2019-இல் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் கடைத்தெருவில் நின்று அழுதன. தாடியையும் தஸ்பீஹையும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களின் தடைச் சட்டப்படி, கண்டவர்களும் பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்க முடியாது. ஆகவே ஜமாஅத்துக்கள் வைப்புத் தொகையில் கை வைக்காமல், நன்கொடையாகச் சேர்ந்த நிதியிலிருந்து கடன் கொடுப்பதே பாதுகாப்பு. பெரிய அளவில் செய்ய விரும்பினால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யலாம். தணிக்கையும் அப்போது தானாக வரும்.

அடைக்கவே வழியற்ற கடனாளிக்கு ஜகாத்திலேயே பங்கிருக்கிறது. தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் எண்ணிச் சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் ஒரு வகை. ரமலானில் ஜகாத்தை ஐம்பதும் நூறுமாகச் சில்லறை மாற்றி வாசலில் வரிசையாக நிற்போருக்குக் கொடுத்து அனுப்பும் செல்வந்தர்கள், அதில் ஒரு பகுதியைத் தெருவில் ஒரே ஒரு வீட்டின் அடகுச் சீட்டை மீட்கக் கொடுத்தால் என்ன? நூறு பேருக்கு ஒரு வேளைச் செலவாகப் போவது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் வட்டியை நிறுத்தும்.

ஆண்டுதோறும் ஜமாஅத்தில் வரவு செலவு வாசிக்கிறார்கள். விளக்குக்கு இவ்வளவு, கார்ப்பெட்டுக்கு இவ்வளவு, நோன்புக் கஞ்சிக்கு இவ்வளவு, மினாராவுக்கு வண்ணம் பூச இவ்வளவு என்று வரும். அந்தத் தாளில் 'கடன் கொடுத்தது, திரும்பி வந்தது' என்று இரண்டு வரி இருக்கிறதா என்று, முத்தவல்லியின் மனம் நோகாதபடி, அடுத்த கூட்டத்தில் யாரேனும் எழுந்து கேளுங்கள்.